சரிவது எது? ஏலமலையை முன்வைத்து ஒரு மதிப்பீடு

அமெரிக்க வல்லமை சரிகிறது என்று வாதிடும் நூல்களுக்கும், தோட்டம் முடிந்துபோயிற்று என்று மூணாறிலும் வண்டன்மேட்டிலும் குமுளியிலும் அன்றாடம் நடக்கும் பேச்சுக்கும் குறை ஒன்றுதான். சரிவது எது என்று வரையறுக்காமலே இரண்டும் சரிவை அளக்கத் தொடங்கிவிடுகின்றன. விளைச்சலின் அளவு, சந்தையில் உள்ள பங்கு, முதலுக்கு வரும் லாபம், உழைப்பவரின் வாழ்நிலை ஆகிய நான்கும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும் என்று எந்த விதியும் இல்லை. ஒன்றுக்காகத் திரட்டிய சான்றை இன்னொன்றுக்குக் காட்டித் தீர்ப்பெழுதுவது இத்துறையின் பரவலான முறைப்பிழை. சரிவு என்பவர்களும் இதைச் செய்கிறார்கள், சரிவில்லை என்பவர்களும் செய்கிறார்கள்.

உலகின் மிகப் பெரிய பொருளாதாரத்தையும் கேரளத்தின் கிழக்கு விளிம்பில் உள்ள ஏலமலையின் சில தாலுகாக்களையும் அருகருகே வைப்பது அளவால் பொருந்தாது, முறையால் பொருந்தும். தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது பயிர்த்தொழில் மட்டும் அல்ல. தனக்கென மருத்துவமனையும் பள்ளியும் கடையும் குடியிருப்பும் வைத்துக்கொண்ட ஒரு முழு அதிகாரம் அது. அதைச் சுமந்தது மதுரை, நெல்லைச் சீமைகளிலிருந்து மலையேறி வந்த தமிழ்ச் சமூகம். அதிகாரத்துக்கு நேர்ந்தது ஒன்று, சுமந்தவர்களுக்கு நேர்ந்தது வேறு. அமெரிக்க விவாதத்தில் மங்கிக் கிடக்கும் இந்த வேறுபாடு இங்கே கண்ணெதிரே தெரிகிறது. ஒப்பீட்டுக்கு அதுவே நியாயம்.

முதலில் முறை. பால் கென்னடி 1987-இல் வல்லரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பற்றி எழுதிய நூலின் பெருமை, வல்லமையை ஒப்பீட்டு அளவாகக் கண்டதில் இருக்கிறது. ஒரு நாடு முன்னைவிடச் செல்வத்தில் பெருகிக்கொண்டே இருந்தாலும், மற்றவர்கள் அதைவிட வேகமாகப் பெருகினால் அது பின்தங்கும் என்பதை அவர் ஐந்நூறு ஆண்டு வரலாற்றைக் கொண்டு நிலைநாட்டினார். அந்தக் கோட்டை வருங்காலத்துக்குள் நீட்டியது அவர் குறை. நூல் வந்த நான்கே ஆண்டுகளில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. அமெரிக்காவை முந்திவிடும் என்று அன்று பலரும் நம்பிய ஜப்பான் 1990-களில் தேங்கியது. 1990-இல் மறுப்பு எழுதிய ஜோசப் நை, போரில் மற்றவர்கள் இடிபாடுகளாகக் கிடந்த காலத்தை அடிப்படையாக வைத்து அளந்தால் எந்த முன்னிலையும் சரிவாகவே தெரியும் என்று சரியாகச் சுட்டினார். எண்களும் அவர் பக்கம். உலக உற்பத்தியில் 1960-இல் ஏறத்தாழ நாற்பது சதவீதமாக இருந்த அமெரிக்கப் பங்கு, 1980-இல் கால்பங்கு அளவுக்கு இறங்கியது. இன்றும் அது கால்பங்கு அளவில்தான் இருக்கிறது.

ஆனால் நையின் வாதமும் நாட்டின் எல்லைக்கு வெளியேதான் பார்த்தது. நாட்டுக்குள் யாருக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்வியை முறையாகக் கையாண்டவர்கள் ஆன் கேஸும் ஆங்கஸ் டீட்டனும். கல்லூரிப் பட்டம் இல்லாத நடுவயது வெள்ளையர்களிடையே தற்கொலையும் போதைமருந்துச் சாவும் குடியால் ஈரல் கெட்டுச் சாவதும் பெருகியதை அவர்களின் 2020 நூல் கணக்கெடுத்துக் காட்டியது. 2014-க்கும் 2017-க்கும் இடையே அமெரிக்கரின் சராசரி ஆயுள் குறைந்தது. அதே ஆண்டுகளில் பங்குச்சந்தை ஏறியது. பங்கு, அளவு, வாழ்நிலை ஆகிய மூன்றையும் தனித்தனியே எடுக்காமல் சரிவு பற்றி ஒரு வாக்கியமும் எழுதக் கூடாது என்பது இந்த மூவகை ஆய்வையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் நெறி. அதை மலைக்குக் கொண்டுவருவோம்.

அதிகாரம் முழு உருவில் நின்றது தேயிலையில். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடம் பெற்ற மலைநிலம் ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஏக்கருக்கு மேல். சின்கோனாவும் காப்பியும் பயிரிட்டுப் பார்த்த பிறகு தேயிலை நிலைத்தது. 1895-இல் ஜேம்ஸ் ஃபின்லே நிறுவனம் வந்தது, 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-இல் அது குறும்பாதை ரயிலானது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கின, அங்கிருந்து போடிக்குப் போயின. ஆட்சி திருவிதாங்கூருடையது, சரக்கு இறங்கிய வழியும் ஆள் ஏறிய வழியும் மதுரைச் சீமையுடையவை. கொல்லம் 1099-ஆம் ஆண்டு, அதாவது 1924-இல், வந்த பெருவெள்ளம் அந்த ரயிலைத் தண்டவாளத்தோடு கொண்டுபோனது. கம்பெனி அதற்காக அசையவில்லை, சாலை போட்டுக்கொண்டது. 1971-இல் கேரள அரசு சட்டம் கொண்டுவந்து பயிரில்லாத நிலங்களை எடுத்துக்கொண்டபோதும் தேயிலை நிலம் கம்பெனியிடமே தங்கியது. சரிவு வாதம் பேசுபவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் திருப்புமுனையாகக் காட்டுவது வழக்கம். இரண்டும் திருப்புமுனைகள் அல்ல. அந்த அதிகாரத்தின் வேர் ரயிலிலும் இல்லை, உபரி நிலத்திலும் இல்லை.

உண்மையான திருப்பம் 2000-க்கும் 2005-க்கும் இடையே நடந்தது, அதுவும் சத்தமில்லாமல். 1964-இலிருந்து ஃபின்லேயோடு கூட்டாக இருந்து, 1983-இல் தனிப்பெயர் பெற்ற டாடா டீ, 2000-இல் இங்கிலாந்தின் டெட்லி நிறுவனத்தை 27.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது. ஐந்து ஆண்டுகளில் மூணாறுத் தோட்டங்களை ஊழியர்களே பங்குதாரர்களாக இருக்கும் ஒரு புதிய கம்பெனியிடம் ஒப்படைத்தது. பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரும் அலுவலரும் பங்குதாரர்கள் ஆனார்கள். கண்ணன் தேவன் என்ற விற்பனைப் பெயர் டாடாவிடமே இருந்தது. தோட்டக் கம்பெனியில் ஒரு கணிசமான பங்கையும் அது வைத்துக்கொண்டது. செடியும் கவாத்தும் உரமும் லயக் குடியிருப்பும் மருத்துவமனையும் கூலிப் பேச்சுவார்த்தையும் தோட்டக் கம்பெனிக்கு வந்தன. பொட்டலத்தின் மேல் அச்சாகும் பெயர் போகவில்லை.

இந்தப் பிரிவை இருவிதமாக மதிப்பிடலாம். தேயிலை விலை படுத்துக் கிடந்த காலத்தில் தோட்டத்தைப் பூட்டிவிட்டுப் போகாமல் ஊழியர் கையில் கொடுத்தது பொறுப்பான செயல். அதன் பயனை மறுப்பது நேர்மையாகாது: மூணாறில் ஆலைகள் ஓடுகின்றன, கூலி வருகிறது, பள்ளிகள் நடக்கின்றன. மறுபக்கம், தேயிலைத் தொழிலில் லாபம் எங்கே தங்குகிறது என்று தெரிந்தவர்கள் எடுத்த முடிவும் அதுவே. கொழுந்துக்கும் கோப்பைக்கும் இடையே உள்ள விலை வித்தியாசம் கலவையிலும் பொட்டலத்திலும் விளம்பரத்திலும் இருக்கிறது. கிள்ளும் கையின் பக்கம் இல்லை. மழை பொய்த்தால், கூலி உயர்ந்தால், ஏல விலை இறங்கினால் நட்டம் நிலத்தின் பக்கம் விழும். நிலத்தை விட்டுப் பெயரை வைத்துக்கொண்ட அதிகாரம் சரிந்தது என்று சொல்ல எந்த அளவுகோலும் இடம்தராது. அது இடம் மாறியது.

அமெரிக்கத் தொழில்துறையிலும் இதே நகர்வுதான். 1979-இல் அங்கே ஆலைத் தொழிலாளர் எண்ணிக்கை ஒரு கோடியே தொண்ணூற்றைந்து லட்சம் அளவில் இருந்தது. இன்று ஒரு கோடியே முப்பது லட்சத்தைச் சுற்றி நிற்கிறது. ஆனால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலையில் நம் பெண்கள் பொருத்தும் ஐஃபோனின் வடிவமும் பெயரும் மென்பொருளும் கலிஃபோர்னியாவுக்குச் சொந்தம்; லாபத்தின் பெரும்பகுதியும் அங்கேயே போய்ச் சேருகிறது. ஆலை போனதைக் காட்டி அமெரிக்க வல்லமை போனது என்பவரும், ஆப்பிளின் பங்குவிலையைக் காட்டி அமெரிக்கச் சமூகம் நலம் என்பவரும் ஒரே பிழையின் இரு பக்கங்களில் நிற்கிறார்கள்.

மூணாறில் இந்தப் பிரிவு சமூகத்தை எப்படித் தொட்டது என்பதற்கு 2015 செப்டம்பரைவிட நல்ல சான்று கிடையாது. கம்பெனி பத்து சதவீத போனஸ் அறிவித்தது. இருபது வேண்டும் என்று கொழுந்தெடுக்கும் பெண்கள் வேலையை விட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். ஐ.என்.டி.யு.சி., ஏ.ஐ.டி.யு.சி., சி.ஐ.டி.யு. ஆகிய மூன்று சங்கங்களையும் எட்டியே நிற்கச் சொன்னார்கள். முழக்கம் முழுக்கத் தமிழில் எழுந்தது. இயக்கத்துக்குப் பெயர் பெம்பிளை ஒருமை. ஒன்பது நாளில் 8.33 சதவீதம் போனஸாகவும் 11.67 சதவீதம் கருணைத்தொகையாகவும் இருபது சதவீதம் கிடைத்தது. அடுத்து எழுந்த கூலிப் போராட்டத்தில் அன்றைய 232 ரூபாயை 500 ஆக்கக் கேட்டார்கள்; 301-இல் முடிந்தது.

இந்த நிகழ்வைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்களின் வீரத்தைப் போற்றினார்கள். போற்றத் தக்கதே. ஆனால் திறனாய்வு கேட்க வேண்டிய கேள்வி வேறு: சாலையில் உட்கார்ந்தவர்கள் தாங்கள் பங்குதாரர்களாக இருக்கும் கம்பெனிக்கு எதிராக ஏன் உட்கார நேர்ந்தது? பங்குப் பத்திரம் கையில் இருந்தது. முடிவெடுக்கும் இருக்கை கையில் இல்லை. ஊழியர் உடைமை என்ற கட்டமைப்பு கணக்கில் ஒத்திசைவாக இருக்கிறது, நடைமுறையில் உடைகிறது. இருபது சதவீதத்தில் எட்டரைகூட இல்லாத பங்கே உரிமையாக வந்தது, மீதி கருணை என்ற பெயரில் வந்தது என்பது அந்த உடைவை எந்த விமரிசகரும் சொல்ல முடியாத துல்லியத்தோடு சொல்கிறது. அந்த ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் சில இடங்களை வென்ற இயக்கம் பின்னர் பிளவுபட்டது. சங்கங்களின் அதிகாரம் அந்த செப்டம்பரில் ஆட்டம்கண்டது உறுதி. முதலின் அதிகாரம் ஆடியதற்குச் சான்று இல்லை.

சமூகத்தின் நிலையை அளக்க வேண்டிய இடம் லயம். ஒரே நீள்கூரையின் கீழ் வரிசையாக வீடுகள்: முன்னே ஒடுங்கிய திண்ணை, ஓர் அறை, பின்னே அடுப்படி, அதற்கப்பால் கரைச்சுவர். பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். நான்கு தலைமுறை இதில் பிறந்து வளர்ந்திருக்கிறது. வீடு வேலையோடு ஒட்டியது. வேலை ஓய்ந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதனால் ஓய்வுபெறும் அம்மாவின் இடத்தில் மகளோ மருமகளோ பேர் பதிந்தாக வேண்டும், இல்லையென்றால் குடும்பம் தெருவுக்கு வரும். படித்த பெண்கள் கூடையைத் தூக்கியது பெரும்பாலும் கூலிக்காக அல்ல, கூரைக்காக. பூர்விக ஊரில் நிலமில்லை. மலையில் ஒரு சென்ட் இல்லை. பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டால் 1950-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆவணம் கேட்கிறார்கள். 1956-இல் மொழிவாரி மாநிலம் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் வாதாடித் தோற்றது. அந்தத் தோல்வியை எல்லைத் தகராறாக மட்டும் படித்துப் பழகிவிட்டோம். நூறு ஆண்டுக்கு மேல் உழைத்த மண்ணில் முகவரி இல்லாமல் ஒரு சமூகம் நிற்பது எல்லையைவிடப் பெரிய பிரச்சினை.

தேயிலையை விட்டு ஏலக்காய்க்கு வந்தால் படம் தலைகீழாகிறது. வாதம் சிக்கலாவதும் இங்கேதான், சுவையாவதும் இங்கேதான்.

சரிவு வாதத்தின் விருப்பமான சான்று குவாத்தமாலா. 1914 வாக்கில் ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர் கோபான் பகுதியில் நட்ட ஏலம், எழுபது ஆண்டுக்குள் இந்தியாவை ஏற்றுமதியில் பின்தள்ளிவிட்டது. தான் அதிகம் உண்ணாத பொருளை அந்த நாடு அரபு நாடுகளின் காவாவுக்காகவே விளைவிக்கிறது. ஏலமலை உலகச் சந்தையின் தலைமையை இழந்தது என்பதில் ஐயம் இல்லை. கென்னடியின் அளவுகோலில் இது முழுமையான வீழ்ச்சி.

அளவை எடுத்துப் பாருங்கள். 1980-களின் நடுவில் இந்தியா முழுவதும் சேர்ந்து ஆண்டுக்கு ஐயாயிரம் டன் ஏலக்காய் எடுக்கத் திணறியது. 2020-21-இல் 22,000 டன்னைத் தாண்டியது, அதுவும் குறைந்துபோன நிலப்பரப்பில். இடுக்கி விவசாயி ஒருவர் தன் தோட்டத்தில் தேர்ந்தெடுத்து வளர்த்த ஞள்ளானி என்ற ரகம் இதற்கு முதன்மைக் காரணம். ஆராய்ச்சி நிலையங்கள் பின்னாலேயே வந்து சேர்ந்தன. சந்தைப் பங்கில் சுருங்கியபடியே விளைச்சலில் நான்கு மடங்குக்கு மேல் வளர்ந்த ஒரு தொழிலை வீழ்ச்சி என்று எழுதுவது கணக்குத் தெரியாமை. உள்நாட்டுச் சந்தை அத்தனை காயையும் வாங்கிக்கொள்கிறது. நை உயிரோடு இருந்து இந்தப் பக்கம் வந்திருந்தால் தன் வாதத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கேட்டிருக்க மாட்டார்.

ஆனாலும் இந்த வளர்ச்சியின் தன்மையைப் பரிசோதிக்க வேண்டும். அதற்குப் புற்றடியிலோ போடியிலோ ஸ்பைசஸ் போர்டு நடத்தும் ஏல அறைக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். ஒவ்வொரு லாட்டின் மாதிரியும் சின்னத் தட்டில் மேசைக்கு மேசை நகர்ந்து வருகிறது. வியாபாரி ஒரு காயை நகத்தால் பிளக்கிறார், விதை கருத்து ஒட்டுகிறதா என்று பார்க்கிறார், உள்ளங்கையில் உருட்டி எட்டு மில்லிமீட்டர் தேறுமா என்று கணிக்கிறார், நிறத்தை விளக்கின் கீழ் திருப்புகிறார்; அதற்குள் கணினித் திரையில் எண் ஏறத் தொடங்கியிருக்கும். விற்பவர்கள் பின்வரிசையில் அந்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2019 ஆகஸ்டு 3 அன்று புற்றடியில் அந்த எண் கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. 2018 வெள்ளமும் அதற்கடுத்து வந்த வறட்சியும் விளைச்சலைத் தின்றதால் வந்த விலை அது. விற்கக் காய் வைத்திருந்தவர்கள் சிலர். விளைச்சல் மீண்டபோது, மூன்றே ஆண்டுக்குள், விலை 1,000-க்குக் கீழே இறங்கியது. காய் இருக்கும்போது விலை இல்லை, விலை இருக்கும்போது காய் இல்லை. இருப்பு வைக்கும் வசதி உள்ளவர் இந்த ஊசலில் சம்பாதிக்கிறார். ஸ்டோரில் உலர்த்தியதும் கடனுக்காக விற்றாக வேண்டியவர் ஊசலின் அடியில் நிற்கிறார். பூச்சிமருந்து எச்சத்தைக் காட்டி அயல்நாடுகள் காயைத் திருப்புவதும் கூடுதல் சுமை. நான்கு மடங்கு விளைச்சலுக்கு மலை கொடுத்த விலையில் அந்த மருந்தும் அடக்கம்.

நிலத்தின் உரிமையே தெளிவில்லை என்பது இன்னொரு குறை. ஏலமலைக் காடு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்று 1897 அறிவிக்கையை வைத்து நடக்கும் வழக்கு இன்னும் முடியவில்லை. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் புதிய பட்டா வழங்குவதை நிறுத்திவைத்தது. ஓர் இலக்கத்தில் தொங்கும் பொருளாதாரத்தை வலிமை என்று எழுதப் பேனா தயங்குகிறது.

ஏலத்தில் சமூகம் எங்கே? கம்பம், தேவாரம், போடி ஊர்களிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் ஏறுகின்றன, சாயங்காலம் இறங்குகின்றன. போடிமெட்டிலும் கம்பம்மெட்டிலும் அந்த நேரத்தில் நின்று பார்த்தால் ஏலமலையின் தொழிலாளர் பட்டியலே கண் முன்னால் போகும். மலையின் மேல் வீடு இல்லை, மருத்துவமனை இல்லை, பேர் பதிவும் பெரும்பாலும் இல்லை. தேயிலைத் தோட்டத்தின் லயம் கொடுமையான வீடு, ஆனால் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் அதை முதலாளியின் கடமையாக்கியது. ஏலத்தின் ஜீப்புக்கு நடைமுறையில் அந்தக் கடமையும் இல்லை. இப்போது அஸ்ஸாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் ஆட்கள் வந்து தோட்டத்திலேயே தங்குகிறார்கள். விளைச்சல் ஏறிய அதே காலத்தில் அதை எடுக்கும் கையின் உரிமை இறங்கியது.

எல்லா அளவுகோலிலும் ஒரே விடை வரும் இடம் பீர்மேடு. சோவியத் சந்தை போய், 1990-களின் இறுதியில் விலை கவிழ்ந்தபோது, பீர்மேடு டீ கம்பெனியின் சீந்தலாறு, லோன்ட்ரீ தோட்டங்கள் 2000-இல் மூடப்பட்டன. கால் நூற்றாண்டாகத் தொழிலாளர்கள் பணிக்கொடைக்குக் காத்து, ஒழுகும் லயங்களிலேயே இருக்கிறார்கள், செடி மரமாகிவிட்டது. விளைச்சல், பங்கு, லாபம், வாழ்நிலை நான்கும் சேர்ந்து விழுந்த இடம் இது. சரிவு வாதிகள் இதை முழு மலைக்கும் பொதுவாக்குவது பிழை. மறுப்பவர்கள் இதை விதிவிலக்கு என்று ஒதுக்குவது அதைவிடப் பெரிய பிழை. அதே மாவட்டம், அதே தேயிலை, அதே உலக விலை. மூணாறு நின்றது, சீந்தலாறு சாய்ந்தது. ஆகவே உலக விலையை மட்டும் காரணமாகச் சொல்லும் விளக்கம் போதாது. நிர்வாகம் கைவிட்டதும் அரசு கைபிசைந்து நின்றதும் அந்தக் கணக்கில் வர வேண்டும்.

மக்கள்தொகைச் சான்றையும் எடைபோட்டுவிடலாம். 2001-இல் 11,29,221 ஆக இருந்த இடுக்கி மாவட்ட மக்கள்தொகை 2011-இல் 11,08,974 ஆகக் குறைந்தது. இந்த எண்ணை வைத்து எழுதப்பட்ட இரங்கற்பாக்கள் ஏராளம். தனித்து நின்றால் இது பலவீனமான சான்று. அதே பத்தாண்டில் பத்தனம்திட்டையும் குறைந்தது. அங்கே காரணம் குறைந்த பிறப்பும் அயல்நாட்டுப் பயணமும். குடியேறிய விவசாயிகளின் பிள்ளைகள் நர்ஸ் வேலைக்குப் போனதையும், மூடிய தோட்டத்திலிருந்து குடும்பம் ஊர் திரும்பியதையும் ஒரே எண்ணுக்குள் போட்டால் விடை கிடைக்காது.

எல்லையில் இன்னும் வடக்கே, பாலக்காட்டில், அமெரிக்க வல்லமையே நேரில் வந்து சோதனைக்கு உட்பட்டது. தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறைக்கு அருகே, சித்தூர்த் தாலுகாவின் பெருமாட்டி ஊராட்சியில், பிளாச்சிமடை கோகோ கோலா ஆலை 2000-இல் தொடங்கியது. கிணற்று நீர் கெட்டு வற்றியபோது, 2002 ஏப்ரலில், எரவாளர் பழங்குடிப் பெண் மயிலம்மா முன்னின்று போராட்டம் எழுந்தது. ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. உலகின் மிகப் பெரிய அமெரிக்கப் பெயர்களில் ஒன்றை ஒரு கிராம ஊராட்சி வென்றது என்று இதைக் கொண்டாடியவர்கள் ஒரு பாதியைச் சரியாகவே சொன்னார்கள். மறு பாதி: 2010-இல் உயர்நிலைக் குழு கணித்த 216.26 கோடி ரூபாய் இழப்பீட்டுக்காகக் கேரளச் சட்டப்பேரவை 2011-இல் நிறைவேற்றிய தீர்ப்பாய மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இல்லாமல் திரும்பியது. மயிலம்மா 2007-இல் மறைந்தார். 2017-இல் கம்பெனி, ஆலையைத் திறக்கும் எண்ணம் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டு வெளியேறியது. பின்வாங்கிய அதிகாரம் தோற்ற அதிகாரம் ஆகாது. அது சுவரையும் எந்திரத்தையும் விட்டது. பெயரும் சந்தையும் அப்படியே இருந்தன. இழப்பு நிலத்தடி நீரில் தங்கியது. மூணாறில் மரியாதையோடு நடந்த பிரிவு பிளாச்சிமடையில் மரியாதை இல்லாமல் நடந்தது, அமைப்பு ஒன்றே.

ஒப்பீடு எங்கே உடைகிறது என்பதையும் சொல்லாமல் முடிபுக்குப் போவது முறையாகாது. உலக நாடுகளின் கையிருப்பில் டாலரின் பங்கு 2000-ஐ ஒட்டி எழுபது சதவீதத்துக்கு மேல் இருந்து இன்று அறுபதுக்குக் கீழே வந்தாலும், தன் கடனைத் தன் நாணயத்திலேயே அடைக்கும் வசதி அமெரிக்காவுக்கு இருக்கிறது. ஏலமலைக்கு அப்படி எந்தத் தாங்கும் கிடையாது. அமெரிக்கா இன்னும் உலகின் படித்தவர்களை ஈர்க்கிறது. மலை தன் படித்தவர்களை வெளியே அனுப்புகிறது. அங்கே பழைய தொழிலாளர் ஊரிலேயே தங்கி நோய்ப்படுகிறார், வேலைதான் வெளியே போகிறது. இங்கே வேலை மலையிலேயே இருக்கிறது, ஆள் மாறுகிறார்.

என் முடிபு இது. தோட்டப் பொருளாதாரம் சரியவில்லை. மூடிய தோட்டங்கள் நீங்கலாக அது வளர்ந்திருக்கிறது அல்லது நின்றிருக்கிறது. அதன் அதிகாரமும் சரியவில்லை. நிலத்தை விட்டுப் பெயருக்கும் இருப்புக்கும் ஏல அறைக்கும் நகர்ந்திருக்கிறது. சரிந்தது, அதிகாரத்துக்கும் அதைச் சுமந்த சமூகத்துக்கும் இடையே இருந்த கட்டு. பழைய கம்பெனி கொடுமையானது, ஆனால் ஆள் இல்லாமல் அதனால் இயங்க முடியாது. ஆகவே கொஞ்சமாவது கொடுத்தது. இன்றைய அமைப்புக்கு எந்த ஆளும் போதும். அமெரிக்கா பற்றிய விவாதமும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தால்தான் தெளியும் என்று நினைக்கிறேன்.

இந்த முடிபுக்கு எதிரான வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. கொழுந்தெடுத்தவரின் மகள் கோவையில் ஆசிரியை ஆனால் அது தோட்டச் சமூகத்தின் சரிவா, விடுதலையா? விடுதலை, ஐயமே இல்லை. லயம் கலைவதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் அந்த விடுதலை எத்தனை பேருக்கு வாய்த்தது என்று அளக்காமல் அதை விடையாக வைக்க முடியாது. 2020 ஆகஸ்டு 6 இரவு ராஜமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது எழுபது பேர் போனார்கள். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போன அந்த மலையிலிருந்து செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆயிற்று. உயிர் தப்பிய எட்டுக் குடும்பங்களுக்குப் பின்னர் மூணாறு அருகே சொந்தப் பெயரில் நிலமும் வீடும் கிடைத்தன. எஞ்சியவர்களின் நிலை தெரிய, ஓய்வுபெறும் தொழிலாளர் ஒவ்வொருவரும் எந்த முகவரிக்குப் போகிறார், அந்த வீடு யார் பெயரில் இருக்கிறது என்று தொழிலாளர் துறை தோட்டம் தோட்டமாக ஆண்டுதோறும் கணக்கெடுத்து வெளியிடட்டும். அவர்களில் பாதிப் பேராவது சொந்த வீட்டுக்குப் போகிறார்கள் என்று அந்தக் கணக்கு காட்டினால் மேலே எழுதிய முடிபைத் திருத்திக்கொள்ள நான் ஆயத்தம்.